நீலகிரியில் மருத்துவ ஆய்வு தொடங்குகிறீர்களா? பிற ஆய்வுகளோடு சேர்க்கக்கூடிய தரவைச் சேகரிக்கும் முறை

கூடலூரில் ஒரு குழு, ரத்த அணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் சோகையை ஆராய்கிறது, கோத்தகிரியில் இன்னொரு குழு கர்ப்பிணிகளின் ரத்தசோகையைப் பார்க்கிறது, உதகையில் ஒரு மாணவர் ரத்த அழுத்தம் அளக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோப்பிலும் வயது, ஊர், ஹீமோகுளோபின் இருக்கும். ஒன்றாகச் சேர்த்தால் மாவட்டம் முழுவதற்கும் ஒரு நல்ல கணக்கு கிடைக்கும். ஆனால் சேராது. ஒன்றில் வயது ஆண்டாக இருக்கும், இன்னொன்றில் ‘30 முதல் 40 வரை’ என்று இருக்கும். ஒன்றில் ஹீமோகுளோபின் விரல் நுனி ரத்தத்தில் எடுத்தது, இன்னொன்றில் நரம்பில் எடுத்தது, மூன்றாவதில் எப்படி எடுத்தார்கள் என்பதே பதிவாகியிருக்காது.

இதை ஆய்வு முடிந்த பிறகு சரிசெய்ய முடியாது. கேட்காத கேள்விக்கு விடையை எந்தப் புள்ளியியலாளரும் உண்டாக்கித் தர மாட்டார். தரவு பகிரத்தக்கதா இல்லையா என்பது படிவம் எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி முதல் பங்கேற்பாளரைச் சந்திப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. செவிலியர், ஆய்வு மாணவர், தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர், தரவு உள்ளிடுபவர் என்று யார் இந்த வேலைக்குப் புதிதாக வந்தாலும் இதே வரிசையில் போகலாம்.

1. கேள்விகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

எல்லாக் கேள்வியையும் பொதுத்தரத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். பல குழுக்கள் சேர்ந்து உட்காரும் முதல் கூட்டத்திலேயே இந்த வேலை நின்றுபோவதற்குக் காரணம் அந்த ஆசைதான். மூன்று அடுக்கு போதும்.

முதல் அடுக்கு, எந்த நோயைப் பற்றிய ஆய்வானாலும் எல்லாரும் ஒரே மாதிரி கேட்கும் பொதுத் தொகுப்பு. 25 முதல் 40 வரிகளுக்கு (பதிவு செய்யும் ஒவ்வொரு விவரமும் ஒரு வரி) மேல் போக விடாதீர்கள். பங்கேற்பாளர் எண், ஒப்புதல் விவரம், பிறந்த தேதியும் அதன் நம்பகமும், பாலினம், கர்ப்ப நிலை, வசிக்கும் ஊர், அதன் உயரம், சமூகம், பேட்டி நடந்த மொழி, உயரம், எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், புகையிலை, தற்போதைய மருந்துகள், அளந்த தேதி, அளந்தவர் குறியீடு. இவ்வளவில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இரண்டாவது, ஒரே நோயை ஆராயும் குழுக்களுக்கான நோய்த் தொகுப்பு. மூன்றாவது, உங்கள் ஆய்வுக்கே உரிய கேள்விகள். மூன்றாவது அடுக்கில் யாரும் தலையிடத் தேவையில்லை.

கேள்விகளைப் புதிதாக எழுதாதீர்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பொதுத் தரவுக்கூறு களஞ்சியம், ஆய்வு அளவீடுகளுக்கான பீன்எக்ஸ் தொகுப்பு, மருத்துவச் சோதனைத் தரவுக்கான சிடிஸ்க் அமைப்பின் சிடாஷ் தரம், தொற்றா நோய்க் கணக்கெடுப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் படிவம் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். நான்கையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சிக்கிள் செல் நோய்க்கென்றே பீன்எக்ஸில் தனித் தொகுப்பு இருக்கிறது. அங்கே உள்ள கேள்வியை எடுத்தால் அதன் விடைக் குறியீடுகளையும் அப்படியே எடுங்கள். கேள்வியை எடுத்துக்கொண்டு விடையை மாற்றினால் எடுத்ததில் பயனில்லை.

கேள்வித்தாள் அளவுகோல்களுக்கு உரிமம் பாருங்கள். மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 அளவுகோலுக்குத் தனி அனுமதி தேவையில்லை, தமிழிலும் கிடைக்கிறது. ஈகியூ-5டி வாழ்க்கைத்தர அளவுகோலுக்குப் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் ஒவ்வொரு கேள்வியின் விடையையும் தனித்தனியாகச் சேமியுங்கள். கூட்டுத்தொகை மட்டும் இருந்தால் விடுபட்ட ஒரு கேள்வியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

2. தரவு அகராதியை எழுதுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு விளக்கம் கொண்ட அட்டவணைதான் தரவு அகராதி. படிவத்துக்கு முன்னால் இதுதான் தயாராக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு இருக்க வேண்டும்: மாறியின் பெயர், பங்கேற்பாளரிடம் கேட்கும் வாசகம் சொல்லுக்குச் சொல் தமிழில், விடையின் வகை, அலகு, ஏற்கத்தக்க குறைந்த அளவும் மிகுந்த அளவும், விடைத் தேர்வுகளும் அவற்றின் எண்களும், எந்த முறையில் எந்தக் கருவியில் அளப்பது, யாரிடம் கேட்கக்கூடாது, சர்வதேசக் குறியீடு.

ஆய்வகச் சோதனைகளுக்கு லாய்ன்க் குறியீடு (சோதனைகளுக்கும் அளவீடுகளுக்குமான சர்வதேச எண்) போடுங்கள். ரத்த ஹீமோகுளோபினுக்கு 718-7, சிஸ்டாலிக் அழுத்தத்துக்கு 8480-6, டயஸ்டாலிக்குக்கு 8462-4, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-க்கு 4548-4. பெயரைப் பதிவு செய்தால் லாய்ன்க் இலவசம். நோய்ப் பெயர்களுக்கு ஸ்னோமெட் சிடி அல்லது ஐசிடி-10 என்ற சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பு. இந்தியா ஸ்னோமெட் உறுப்பு நாடு என்பதால் நமக்குக் கட்டணமில்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான புனே சிடாக் நடத்தும் தேசிய வள மையத்தில் விண்ணப்பித்து உரிமம் பெறலாம். ஐசிடியில் சிக்கிள் செல் பண்பு மட்டும் உள்ளவர் (மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்ல) டி57.3, நெருக்கடி இல்லாத சிக்கிள் செல் சோகை டி57.1. இந்த இரண்டையும் ‘சிக்கிள் செல் உண்டு’ என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடும் படிவங்கள் இன்னும் நடமாடுகின்றன. அந்தத் தரவை வைத்துச் சிகிச்சை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

விடை எண்கள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். ஒரு தேர்வை நீக்கினால் அதன் எண்ணை வேறு எதற்கும் மறுபடி கொடுக்காதீர்கள். ‘மற்றவை’ என்பதற்கு எல்லா வரியிலும் 96 என்று ஒரே எண் வைத்துக்கொண்டு, பக்கத்தில் எழுத ஓர் இடம் கொடுங்கள்.

3. ஒரு வரியை முழுதாக எழுதிப் பாருங்கள்: ஹீமோகுளோபின்

மலை மாவட்டத்தில் அதிகம் இடறும் வரி இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உயரம் கூடக்கூட உடல் தானாக ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. எனவே சமவெளிக்கான எல்லை அளவை (இதற்குக் கீழே போனால் சோகை) இங்கே அப்படியே வைத்துப் பார்த்தால் சோகை உள்ளவர் பலர் தப்பிவிடுவார்கள். இதற்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு கழிவுப் பட்டியல் கொடுத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பட்டியல் 2024-இல் மாறிவிட்டது. 2000 முதல் 2499 மீட்டர் வரை பழைய பட்டியல் டெசிலிட்டருக்கு 0.8 கிராம் கழிக்கச் சொன்னது, புதியது 1.4 கழிக்கச் சொல்கிறது. 1500 முதல் 1999 வரை 0.5 இருந்தது 1.1 ஆகிவிட்டது. 1000 முதல் 1499 வரை 0.2 இருந்தது 0.8 ஆகிவிட்டது. முன்பு கழிவே இல்லாத 500 முதல் 999 மீட்டர் வரைக்கும் இப்போது 0.4 உண்டு.

உதகை சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வசிக்கும், கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு 13.0 என்று அளவு வருகிறது. எல்லை 12.0. பழைய பட்டியல்படி 12.2, சோகை இல்லை. புதிய பட்டியல்படி 11.6, சோகை உண்டு. ஒரே பெண், ஒரே ரத்தம். கோப்பில் ‘சோகை: இல்லை’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் எந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்தார்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. திருத்தப்பட்ட 12.2 மட்டும் இருந்தாலும் அதே கதிதான். தெரியாத ஒருவர் அதிலிருந்து இன்னொரு முறை கழித்துவிடவும் கூடும்.

ஆகவே விதி இதுதான்: கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதுங்கள். திருத்தத்தையும் ‘சோகை உண்டு, இல்லை’ என்ற முடிவையும் பகுப்பாய்வின்போது கணினி போடட்டும். கூடவே கீழ்க்கண்டவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும்.

வசிக்கும் இடத்தின் உயரம், மீட்டரில். மருத்துவமனை இருக்கும் இடத்தின் உயரம் இல்லை. பந்தலூர்க்காரர் உதகைக்கு வந்து ரத்தம் கொடுத்தால் பந்தலூர் உயரம்தான் கணக்கு. கடந்த மூன்று மாதம் வேறு ஊரில் இருந்தாரா என்றும் கேளுங்கள். திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய்த் திரும்புபவர்கள் இங்கே நிறைய. வட்டத்துக்கு ஒரு சராசரி உயரம் என்று போடாதீர்கள், ஒரே வட்டத்துக்குள்ளேயே பல நூறு மீட்டர் வித்தியாசம் வரும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு முறை கைபேசியிலோ வரைபடத்திலோ பார்த்துப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் நரம்பிலா விரலிலா. ஒரு துளி விரல் ரத்தத்தில் அளவு ஏறி இறங்கும் என்பதால் நரம்பு ரத்தமும் தானியங்கிக் கருவியும்தான் இப்போதைய பரிந்துரை. அது முடியாத இடத்தில் விரலில் எடுக்கலாம், ஆனால் எடுத்த முறை பதிவாக வேண்டும். உதகைக் காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது ரத்தம் சரியாக வராது, பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறையும். கையை வெதுவெதுப்பாக்கிவிட்டுக் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும் என்பதை அகராதியிலேயே எழுதுங்கள்.

கருவியின் பெயரும் மாதிரி எண்ணும். கர்ப்பமென்றால் எத்தனையாவது வாரம். இரண்டாம் மும்மாதத்துக்கு எல்லை 10.5, முதலுக்கும் மூன்றுக்கும் 11.0. புகைபிடித்தால் நாளொன்றுக்கு எத்தனை; அதற்கும் தனிக் கழிவு உண்டு.

அலகு டெசிலிட்டருக்குக் கிராம், ஒரு தசம இடம். ஏற்கத்தக்க எல்லை 2 முதல் 25 வரை வைத்தால், 12.5-ஐ யாராவது 125 என்று தட்டும்போது படிவமே தடுத்துவிடும்.

4. மற்ற சில வரிகள்

வயது: வயதைக் கேட்காதீர்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள். பல முதியவர்களுக்குத் தேதி தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்றோ ஜூலை 1 என்றோ இருக்கும். அது யாரோ போட்டது. எனவே இரண்டாவது வரி கட்டாயம்: தேதி ஆவணத்தில் பார்த்ததா, அவர் சொன்னதா, ஆண்டு மட்டும் தெரியுமா, நிகழ்ச்சிகளைச் சொல்லி மதிப்பிட்டதா. ஆதார் எண்ணைப் படிவத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

ஊர்: ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் கணினிக்கு மூன்று ஊர். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் கிராமத்துக்கு ஒரு குறியீடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எஸ்டேட் லைன்கள், பழங்குடிக் குடியிருப்புகள் பல அந்த அடைவில் தனியாக இருக்காது. அவற்றுக்கு நீங்களே எண் கொடுத்து, எந்தக் கிராமக் குறியீட்டின் கீழ் வருகிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.

சமூகம்: ‘குறும்பர்’ என்று ஒரே தேர்வாக வைக்காதீர்கள். ஆலு, பெட்ட, ஜேனு, முள்ளு, ஊராளி என்று பிரிவுகள் உண்டு, வாழும் இடமும் மொழியும் வேறு. முதல் வரியில் அரசுப் பட்டியலில் உள்ள பெயர், இரண்டாவது வரியில் அவர் தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர் என்று வைத்தால் பிற ஆய்வுகளோடும் சேரும், உண்மையும் இழக்காது.

ரத்த அழுத்தம்: ஸ்டெப்ஸ் முறையில் 15 நிமிட ஓய்வு, மூன்று முறை அளவு, இடையில் 3 நிமிடம், கடைசி இரண்டின் சராசரி. மருத்துவமனை வழக்கம் பெரும்பாலும் 5 நிமிட ஓய்வு, 1 நிமிட இடைவெளி. எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் எல்லாக் குழுவும் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று அளவும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். முகாமுக்கு மேடேறி வந்தவரை உட்கார வைத்த உடனே அளந்தால் எண் ஏறியிருக்கும். நம் ஊர்ச் சரிவுகளுக்கு 15 நிமிடம் மிகையில்லை. கைப்பட்டையின் அளவையும் எழுதுங்கள்.

சிக்கிள் செல்: முதல்கட்டமான கரைதிறன் சோதனையில் ‘உண்டு’ என்று வந்தால் அது பண்பா நோயா என்று சொல்லாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தளக்கும் எச்பிஎல்சி சோதனை முடிவில் எச்பிஎஸ், எச்பிஎஃப், எச்பிஏ2 மூன்றின் விழுக்காட்டையும் எண்ணாக எழுதுங்கள், மருத்துவரின் முடிவைத் தனி வரியில் எழுதுங்கள். கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி கட்டாயம்: மூன்று மாதத்துக்குள் ஏற்றியிருந்தால் எச்பிஎல்சி காட்டுவதில் கொடையாளரின் ரத்தமும் கலந்திருக்கும். ஹைட்ராக்சியூரியா என்ற சிக்கிள் செல் மருந்தைச் சாப்பிடுகிறாரா, நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் வேண்டும். ‘கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை வலி வந்தது’ என்று ஒரே கேள்வியாக வைக்காமல், வீட்டிலேயே தாங்கியது, புறநோயாளியாக வந்தது, உள்நோயாளியாகச் சேர்ந்தது என்று மூன்றாகக் கேளுங்கள். மருத்துவமனை தூரமுள்ள ஊரில் உள்நோயாளி எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு நோய் லேசானது என்று பொருளில்லை.

5. விடுபட்ட விடை, தேதி, எழுத்துரு

வெற்றுக் கட்டம் விடக்கூடாது. கேட்கவில்லை, தெரியாது, சொல்ல மறுத்தார், பொருந்தாது, மாதிரி கெட்டுவிட்டது ஆகிய ஐந்தும் வேறு வேறு. ஐந்துக்கும் ஐந்து குறியீடு. ஆனால் எண் வரிக்குள்ளேயே -99 என்று போட்டுவிட்டால் யாரோ ஒருவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுப்பார். காரணத்தைப் பக்கத்து வரியில் வைப்பது பாதுகாப்பு. ரீகேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருளில் இதற்கென்றே விடுபட்ட தரவுக் குறியீடு என்ற வசதி இருக்கிறது.

தேதி எப்போதும் 2025-03-05 என்ற வடிவில். 05/03/2025 என்பது ஒருவருக்கு மார்ச், இன்னொருவருக்கு மே. எக்செல் கேட்காமலேயே தேதியை மாற்றும், 0042 என்ற பங்கேற்பாளர் எண்ணை 42 ஆக்கும். அதனால் எண்ணை எழுத்தில் தொடங்குங்கள்.

தமிழ் வாசகம் எல்லாம் யூனிகோடில். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கேள்வித்தாளை அச்சகத்தில் வாங்கி அப்படியே ஒட்டினால் அடுத்த கணினியில் குப்பையாகத் தெரியும். சிஎஸ்வி (எளிய எழுத்து அட்டவணை) கோப்பாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறி ஆகிவிடும்.

6. படிவத்தை எதில் கட்டுவது

மருத்துவமனைக்குள் இணையம் உண்டென்றால் ரீகேப். லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு உரிமம் இலவசம், ஆனால் நிறுவனம்தான் ஒப்பந்தம் போட வேண்டும், தனிநபருக்குக் கிடையாது. சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் உங்கள் செலவு. சிறு நிறுவனமென்றால் ஏற்கெனவே ரீகேப் வைத்திருக்கும் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்துகொள்வது மலிவு. தரவு அகராதி 18 நெடுவரிசை கொண்ட ஒரு கோப்பு; அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் அதே படிவம் அவர்களிடம் உடனே எழுந்துவிடும்.

முதுமலைக் குடியிருப்புகள், பந்தலூர் எஸ்டேட் லைன்கள் போன்ற சிக்னல் இல்லாத இடங்களுக்கு ஓடிகே அல்லது கோபோ என்ற கைபேசிப் படிவச் செயலி. எக்செல் தாளிலேயே படிவம் எழுதலாம், இணையமில்லாமல் நிரப்பிவிட்டு இரவில் அனுப்பலாம், தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று ஒரே படிவத்தில் மொழி மாற்றலாம்.

இரண்டையும் கலந்து பயன்படுத்தும்போது ஒரு பொறி இருக்கிறது. பல விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியை ரீகேப் ஒவ்வொரு தேர்வுக்கும் தனி நெடுவரிசையாக 0, 1 என்று தரும். ஓடிகே எல்லா விடையையும் இடைவெளி விட்டு ஒரே கட்டத்தில் தரும். பொதுத் தொகுப்பில் பல விடைக் கேள்வியே வேண்டாம். ‘சர்க்கரை நோய் உண்டா’, ‘ஆஸ்துமா உண்டா’ என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

7. நெறிமுறைக் குழு, ஒப்புதல், பதிவு

இங்கேதான் காலம் போகும். நெறிமுறைக் குழு (பங்கேற்பாளரின் நலனைப் பார்த்து ஆய்வுக்கு அனுமதி தரும் குழு) கேட்கும் தாள்கள்: ஆய்வுத் திட்டம், தரவு அகராதியும் படிவமும், தமிழிலும் பிற மொழிகளிலும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், மொழிபெயர்ப்புச் சான்று, ஆய்வாளர்களின் தகுதிக் குறிப்பும் நல்ல மருத்துவ நடைமுறைப் பயிற்சிச் சான்றும், வரவு செலவு, தரவு மேலாண்மைத் திட்டம், குழுக்களுக்கிடையிலான புரிந்துணர்வு ஒப்பந்தம். மருந்துச் சோதனையென்றால் காப்பீடும்.

குழு எப்போது கூடுகிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தக் குழு இல்லையென்றால் வேறொரு நிறுவனத்தின் பதிவு பெற்ற குழுவோடு ஒப்பந்தம் போடலாம். புது மருந்துச் சோதனைகளுக்கு மட்டும் 2019 விதிகளின்படி அந்தக் குழு அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும். கூடலூருக்குக் கோவை அந்த வட்டத்துக்கு வெளியே. பல இடங்களில் ஒரே ஆய்வு நடந்தால் பொதுப் பரிசீலனைக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் இடமுண்டு, கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். அதற்குச் சில மாதங்களைத் தனியாக ஒதுக்குங்கள்.

ஒப்புதல் படிவத்தில் பகிர்வைப் பற்றி ஒரு வரி கூட இல்லாமல் ஆய்வை முடித்துவிட்டு, பிறகு தரவைக் கொடுக்க வழியில்லாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மூன்று தனிக் கேள்வி வையுங்கள்: இந்த ஆய்வில் சேரச் சம்மதமா, பெயர் நீக்கிய தரவை இந்தியாவில் வேறு ஆய்வுகளுக்குக் கொடுக்கலாமா, வெளிநாட்டுக்குக் கொடுக்கலாமா. முதலாவதற்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்காகச் சிகிச்சையில் எதுவும் குறையாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று விடையும், படிவத்தின் பதிப்பு எண்ணும் தரவுக் கோப்பிலேயே வரிகளாக இருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் இருந்தால் பகிரும் நாளன்று அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

பழங்குடிக் குடியிருப்புகளில் தனிநபர் ஒப்புதலுக்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி தனிநபர் ஒப்புதலுக்கு மாற்று ஆகாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் மொழிகளில் வாய்மொழியாக விளக்க அதே சமூகத்துச் சுகாதாரப் பணியாளர் உடன் இருக்கட்டும். புலிகள் காப்பகத்துக்குள் உள்ள குடியிருப்பென்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) பதிவு இலவசம். 2018 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சோதனைகளை முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும், பின்னால் பதிய முடியாது. தரவைப் பகிர்வீர்களா என்பதற்கு எழுதும் விடை பொதுவெளியில் நிற்கும். 2019 ஜனவரி 1-க்குப் பிறகு ஆள் சேர்க்கத் தொடங்கிய சோதனைகளின் பகிர்வுத் திட்டத்தை முன்னணி மருத்துவ இதழ்கள் பதிவிலேயே எதிர்பார்க்கின்றன.

8. மழை, வேலை நாள், செலவு

தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூரிலும், வடகிழக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரியிலும் சாலையை நம்ப முடியாது. களப்பணிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்ல காலம். பிறகு கோடைக் கூட்டம், வாகன நெரிசல். ரத்த மாதிரியைக் கோவைக்கு அனுப்புவதென்றால் இதெல்லாம் கணக்கில் வர வேண்டும். ஜனவரியில் களத்தில் இறங்க முந்தைய மே மாதமே அகராதி வேலையைத் தொடங்குங்கள்: கூட்டாளிகளோடு பேசி முடிக்க இரண்டு மாதம், மொழிபெயர்ப்புக்கும் திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்க்கவும் ஒரு மாதம், நெறிமுறைக் குழுவுக்கு மூன்று மாதம், முன்னோட்டத்துக்கு ஒரு மாதம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையோ மாலையோ போங்கள், இல்லையென்றால் அன்றைய கூலியை ஈடுகட்டத் திட்டத்தில் பணம் வையுங்கள்.

மென்பொருளுக்கும் குறியீடுகளுக்கும் பெரிய செலவில்லை என்று மேலே பார்த்தோம். செலவு ஆள்களுக்குத்தான். ஒரு தரவு மேலாளரின் பாதி நேரம், மொழிபெயர்ப்பாளர்கள், களப்பணியாளர் பயிற்சி, டேப்லெட்டும் பவர் பேங்கும், கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தல். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒரு டேப்லெட்டுக்கு ஒரு பவர் பேங்க் வையுங்கள். நிதி விண்ணப்பத்தில் ‘தரவுத் தயாரிப்பும் பகிர்வும்’ என்று தனித் தலைப்பே போட்டுவிடுங்கள். பிற செலவுகளுக்குள் ஒளித்து வைத்தால் கடைசியில் அதுதான் முதலில் வெட்டுப்படும்.

9. முன்னோட்டம்

20 பேரிடம் முழுப் படிவத்தையும் நடத்திப் பாருங்கள். அதில் 10 பேரை ஒரு வாரத்துக்குள் வேறொரு களப்பணியாளர் மறுபடி பேட்டி எடுக்கட்டும். பிறந்த தேதி, புகையிலை போன்ற மாறாத விடைகள் இருவரிடமும் வேறுபட்டால் கேள்வியின் வாசகத்தில் கோளாறு. கூட்டுக் குழுக்களின் ஹீமோகுளோபின் கருவிகள், எடைக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைத்து ஒரே மாதிரியை அளந்து பாருங்கள். வித்தியாசத்தை எழுதி வையுங்கள், எண்ணைத் திருத்தாதீர்கள்.

முன்னோட்டத் தரவை ஏற்றுமதி செய்து, மற்றக் குழுவின் முன்னோட்டத் தரவோடு உண்மையிலேயே ஒட்டிப் பாருங்கள். இதை 20 பேரோடு செய்தால் ஒரு பிற்பகல் வேலை. 800 பேருக்குப் பிறகு செய்தால் தவறு வெளிப்படும், திருத்த வழி இருக்காது.

10. அடையாளம் நீக்குதல்: இங்கே பெயரை எடுத்தால் மட்டும் போதாது

நகரத்து ஆய்வுக்கு எழுதிய விதிகள் இந்த மலைக்குப் போதாது. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2000 பேர்தான். ‘தோடர், பெண், 34 வயது, இன்ன மந்து (தோடர் குடியிருப்பு), இன்ன நோய்’ என்றால் பெயர் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். கோத்தர்களுக்கும் இதே நிலைதான்.

பகிரும் கோப்பில் ஊரை எடுத்துவிட்டு வட்டமாக்குங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டம். உயரத்தை மீட்டராகக் கொடுத்தால் ஊர் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் கழிவுக்குத் தேவையான 500 மீட்டர் பட்டையாகக் கொடுத்தால் போதும். வயதை ஐந்தாண்டுத் தொகுதியாக்குங்கள், பிறந்த தேதியை நீக்குங்கள். பிறகு வட்டம், வயதுத் தொகுதி, பாலினம், சமூகம் நான்கையும் சேர்த்து எண்ணுங்கள். எந்தச் சேர்க்கையிலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் சமூகத்தின் பெயரை ‘பழங்குடி’ என்று பொதுவாக்குங்கள் அல்லது வட்டத்தை நீக்குங்கள். சமூகத்தின் பெயரோடு வெளியிடுவதா வேண்டாமா என்பதை அந்தச் சமூகத்தாரிடம் கேட்டு முடிவு செய்வதுதான் முறை.

தேதிகளை ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய எண்ணால் நகர்த்தலாம். ஒருவரின் எல்லாத் தேதியும் ஒரே அளவு நகர வேண்டும், இடைவெளி கெடக்கூடாது. நகர்த்தினால் பருவம் தொலையும் என்பதால், மழைக்காலமா கோடையா என்று தனி வரி வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் சாவிக் கோப்பு தரவோடு ஒரே கணினியில் இருக்கக்கூடாது. ‘குறிப்பு’ என்ற திறந்த கட்டங்களை முழுதும் படித்துப் பாருங்கள். களப்பணியாளர் அங்கே ‘டீக்கடைக்காரர் மனைவி’ என்று எழுதியிருப்பார்.

11. பகிர்வு ஒப்பந்தமும் கோப்புக் கட்டும்

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: யார், எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு காலம், மறு அடையாளம் காண முயலக்கூடாது, மூன்றாம் நபருக்குக் கொடுக்கக்கூடாது, கட்டுரையில் தரவு தந்த குழுவுக்கு என்ன அங்கீகாரம், முடிவுகளைச் சமூகத்துக்கு யார், எந்த மொழியில் திருப்பிச் சொல்வது, பங்கேற்பாளர் விலகினால் அவரது பதிவை எத்தனை நாளில் நீக்குவது. 2023-இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் நிறுவன வழக்கறிஞரிடம் காட்டி ஒரு முறை சரிபாருங்கள். ஆய்வுப் பதிவேடுகளை முடிந்தபின் குறைந்தது 3 ஆண்டு, மருந்து ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சோதனையென்றால் 5 ஆண்டு வைத்திருக்க ஐசிஎம்ஆர் சொல்கிறது.

கட்டில் ஐந்து கோப்பு: தரவு சிஎஸ்வியாக, தரவு அகராதி, வெற்றுப் படிவம், திருத்தங்களைச் செய்த நிரல், விளக்கக் குறிப்பு. சிறு சமூகங்களின் தரவைத் திறந்த களஞ்சியத்தில் போடாதீர்கள். அகராதியையும் படிவத்தையும் மட்டும் ஜெனோடோ போன்ற திறந்த இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வெளியிட்டு நிலையான எண் பெறுங்கள், தரவு வேண்டுபவர் விண்ணப்பித்து வாங்கட்டும்.

ஏற்கெனவே முடிந்த ஆய்வின் தரவைச் சேர்ப்பதென்றால் மூலக் கோப்பில் கை வைக்காமல், பழைய வரி எது, புதிய வரி எது, மாற்றிய விதி என்ன என்று மூன்று நெடுவரிசைப் பட்டியல் ஒன்றை எழுதி நிரலால் மாற்றுங்கள். பொருந்தாத வரியைப் பொருத்தப் பார்க்காதீர்கள், ‘சேர்க்க இயலாது’ என்று எழுதிவிடுங்கள்.

அனுப்பும் முன், ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கட்டைக் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் ஓர் அட்டவணையை மறுபடி போடச் சொல்லுங்கள். அவர் நின்ற இடத்தையெல்லாம் விளக்கக் குறிப்பில் சேர்த்து, 1.0 என்று பதிப்பு எண் போட்டு அனுப்புங்கள். பிறகு ஓர் எழுத்தைத் திருத்தினாலும் 1.1.